வாட்டர்கிரெஸ்: ஓடை இல்லாமல் வளர்க்க, பயமில்லாமல் சாப்பிட

வாட்டர்கிரெஸ் வளர்க்கலாமா என்று பேச்செடுத்தால், "அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டுமே" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். வேண்டியதில்லை. ஈரம் வற்றாத மண், சுத்தமான தண்ணீர், வெயில் கொளுத்தாத இடம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலேயே இந்தக் கீரை மண்டிவிடும். உண்மையில் சிக்கலான வழி மற்றொன்று: ஓடையோரம் தானாக வளர்ந்து கிடப்பதைப் பறித்துப் பச்சையாகத் தின்பது. அதில் வரும் ஆபத்துக்குச் செடி காரணமில்லை, அது நிற்கும் தண்ணீர்தான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் செடியைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப்போகிறேன்.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

தாவரவியல் பெயர் நாஸ்டர்ஷியம் அஃபிசினாலே. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு எல்லாம் இதற்குச் சொந்தம். பூந்தோட்டங்களில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும் நாஸ்டர்ஷியம் கொடி முற்றிலும் வேறு குடும்பம். விதைப் பொட்டலம் வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகள் இதன் தாயகம். அங்கிருந்து மனிதர்களோடு பயணப்பட்டு, குளிர்ந்த நன்னீர் ஓடும் இடமெல்லாம் குடியேறிவிட்டது.

தண்டு உள்ளே வெற்றாக, குழல் போல இருக்கும், அதனால்தான் மிதக்கிறது. ஒவ்வோர் இலையும் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், நுனியில் இருக்கும் சிற்றிலைதான் எல்லாவற்றிலும் பெரியது, ஏறத்தாழ வட்டமானது. விளிம்பில் கூரான பற்கள் இருக்காது. கணுக்களில் வெள்ளை வேர்கள் நூலாகத் தொங்கும். பூ வெள்ளை, சிறியது, நான்கு இதழ்கள் சிலுவை போல அமைந்தது. காய் மெல்லிய, லேசாக வளைந்த குச்சி. இலையைக் கசக்கினால் கடுகின் நெடி வரும்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது 'போலி வாட்டர்கிரெஸ்' எனப்படும் செடி. அது கேரட் குடும்பம். சிற்றிலைகளின் விளிம்பில் பற்கள் இருக்கும், கசக்கினால் செலரி அல்லது கேரட் வாசம் அடிக்கும், பூக்கள் குடை விரித்த மாதிரி கொத்தாக வரும். அதுவே ஆளைக் கொல்லும் செடி இல்லை. ஆனால் அதே கேரட் குடும்பத்தில், அதே ஈர நிலத்தில், ஹெம்லாக் வகைச் செடிகள் வளர்கின்றன. வாட்டர் ஹெம்லாக்கும் ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட்டும் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு கொண்டவை. ஒரே பாத்தியில் நல்லதும் கெட்டதும் பின்னிக்கிடக்கலாம் என்பதால், கொத்தாக அரிந்து அள்ளி வருவது கூடாது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். வாயில் போட்டுப் பார்த்து உறுதி செய்யும் வேலை வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் ஏன் இத்தனை முக்கியம்

ஆடு, மாடுகளின் கல்லீரலில் வாழும் ஒரு தட்டைப்புழு உண்டு. பெயர் ஃபாசியோலா ஹெப்பாட்டிகா. அதன் முட்டைகள் சாணத்தோடு வெளியேறித் தண்ணீரில் சேர்கின்றன. முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளம்புழு ஒருவகை நன்னீர் நத்தைக்குள் புகுந்து அங்கே பெருகுகிறது. நத்தையை விட்டு வெளியேறியதும் அருகில் இருக்கும் நீர்ச்செடியின் இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டி ஒடுங்கிவிடுகிறது. அந்த இலையைப் பச்சையாகத் தின்பது ஆடானாலும் மனிதனானாலும் அதற்கு ஒன்றுதான். குடலில் உறை கரைகிறது, புழு குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு கல்லீரலுக்குப் போய், கடைசியில் பித்த நாளத்தில் தங்குகிறது. காய்ச்சல், வயிற்றுவலி, குமட்டல் என்று தொடங்கும் தொல்லை மாதக்கணக்கில், சிகிச்சை இல்லாவிட்டால் வருடக்கணக்கில்கூட நீளும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து இதைக் குணப்படுத்துகிறது என்பது ஆறுதல்.

சமையலறை நோக்கில் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த உறை அலசினால் போகாது. உப்புத் தண்ணீர், வினிகர், பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று பலர் பல வைத்தியம் சொல்வார்கள். இலையில் இருக்கும் கிருமிகளை அவை ஓரளவு குறைக்கலாம், புழுவின் உறையை நம்பகமாக அகற்றாது. கொதிக்கவைத்துச் சமைத்தால் புழு செத்துவிடும். ஆகவே விதி எளிது. காட்டிலும் ஓடையிலும் பறித்தது, குறிப்பாக மேலே எங்காவது கால்நடை மேயக்கூடிய இடத்தில் பறித்தது, அடுப்புக்கு மட்டும். பச்சையாகச் சாப்பிட வேண்டுமானால், நீங்களே சுத்தமான தண்ணீரில் வளர்த்தது, அல்லது முறையாகப் பராமரிக்கப்படும் பண்ணையில் விளைந்தது.

தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஓடை என்றால் சமைப்பதும் உதவாது. இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சித் திசுக்களில் சேர்த்துக்கொள்ளும், அவற்றைக் கொதிநீர் வெளியேற்றாது.

வீட்டுத் தொட்டியில் இந்தச் சங்கிலியை அறுப்பது மிகச் சுலபம். கால்நடைச் சாணம் கிடையாது, ஓடை நத்தை கிடையாது, தண்ணீர் குழாயிலிருந்து வருகிறது. புழு வருவதற்கு வழியே இல்லை. வீட்டில் வளர்க்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

படி 1: விதையா, தண்டா?

அவசரமாக வேண்டும் என்றால் தண்டு. கடையில் கட்டாக விற்கும் பண்ணைக் கீரையில் தடித்த, பச்சை மாறாத தண்டுகளாகத் தேர்ந்தெடுங்கள். பத்து சென்டிமீட்டர் நீளம் போதும். கீழ்ப் பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தால், சில நாட்களிலேயே கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். பல கட்டுகளில் அந்த வேர் ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் காத்திருக்காமல் நேரே மண்ணில் ஊன்றலாம். டம்ளர் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு கூழாகிவிடும்.

ஓடையிலிருந்து தண்டு கொண்டுவந்து நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நத்தை முட்டையும் புழு உறையும் சேர்ந்தே வீட்டுக்கு வரலாம். விதையோடு அவை வராது.

விதை மிகச் சிறியது, தூசி மாதிரி. ஈரமான மண்ணின் மேல் தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் போட்டு மூடினால் முளைப்பு குறையும். விதைத்தட்டை ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள மற்றொரு தட்டில் வைத்துவிடுங்கள், ஈரம் கீழிருந்து ஏறட்டும். மேலே ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப்போய்விடும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் ஒன்று, இரண்டு வாரங்களில் முளைத்துவிடும். நாற்று ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் பிரித்து நடலாம்.

படி 2: தொட்டி அமைப்பது

இரண்டு பாத்திரங்கள் தேவை. உள்ளே அடியில் துளை உள்ள அகலமான தொட்டி. 15 சென்டிமீட்டர் ஆழம் தாராளம், ஏனென்றால் வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில்தான் பரவும். வெளியே துளை இல்லாத தட்டோ தொட்டியோ, உள் தொட்டி உட்கார்ந்தபின் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் அளவுக்கு. வெளிப் பாத்திரம் கறுப்பாக இருந்தால் வெயிலில் தண்ணீர் சூடேறும். வெளிர் நிறமே நல்லது.

மண் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். தோட்ட மண்ணும் நன்றாக மட்கிய கம்போஸ்டும் பாதிக்குப் பாதி என்பது சரியான கலவை. வெறும் தென்னை நார்க் கழிவிலோ பீட் எனப்படும் சதுப்புநில மட்கிலோ நட்டால் தண்ணீர் ஏறும்போது அது மிதந்து வெளியே வரும். மண்ணுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிறு கூழாங்கல் பரப்புங்கள். மண் மிதக்காமல் இருப்பது ஒரு பலன். அதைவிடப் பெரிய பலன், இலையில் மண் தெறிக்காது, அலசும் வேலை பாதியாகும். அமில காரத்தன்மை (pH) 6.5-லிருந்து 7.5 வரை இருந்தால் போதும். சுண்ணாம்பு கலந்த கடினநீர் இதற்குப் பிடித்தமானது. மற்ற செடிகளுக்கு ஆகாத தண்ணீர் உங்கள் குழாயில் வந்தால் இந்தச் செடி அதில் மகிழ்ச்சியாக வளரும். உப்பு கொண்டு மென்மையாக்கும் கருவி வழியாக வரும் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் சோடியம் கூடியிருக்கும்.

மண் இல்லாமல் ஹைட்ரோபோனிக் முறையிலும் நன்றாக வரும். ஏற்கெனவே அந்த அமைப்பு வைத்திருப்பவர்கள் கீரைகளுக்குக் கொடுக்கும் சத்துக்கரைசலைப் பாதிச் செறிவில் கொடுத்தால் போதும். இதற்கென்று புதிதாகக் கருவி வாங்கத் தேவையில்லை.

படி 3: நடவு

தண்டுகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், குறைந்தது ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். சாய்த்து வைத்தால் பல கணுக்கள் மண்ணைத் தொடும், ஒவ்வொன்றும் தனித்தனியாக வேர்விடும். முதல் வாரம் முழு நிழல். அப்புறம் வெளிச்சத்துக்கு நகர்த்தலாம்.

படி 4: தண்ணீர் மாற்றுவது

தண்ணீர் ஓட வேண்டியதில்லை, ஆனால் கெட்டுப்போகக் கூடாது. ஓடும் நீர் செய்யும் வேலை இரண்டு: வேருக்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது, செடியைக் குளிர்ச்சியாக வைக்கிறது. தட்டில் நிற்கும் தண்ணீரை மாற்றும்போது அந்த இரண்டையும் நாம் கையால் செய்கிறோம். வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

மாற்றுவது என்றால் முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது. குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு சேரும், பாசி பிடிக்கும், கொசுவும் முட்டையிடும். வெப்பமான காலநிலையில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் தட்டு ஒருமுறையாவது காலியாகி, உட்புறம் தேய்க்கப்பட்டிருந்தால் கொசுப் பேச்சே இல்லை. கொட்டும் தண்ணீரை வேறு செடிகளுக்கு ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர்? பச்சையாகச் சாப்பிடும் இலை என்பதால் குடிக்கத் தகுந்த தண்ணீர்தான். குளத்து நீர், பாத்திரம் கழுவிய நீர், பறவை எச்சம் படிந்த கூரையிலிருந்து வடியும் நீர் எல்லாம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் வழக்கமாக இருக்கும் அளவு குளோரின் செடியைப் பாதிக்காது. சிறிய பம்பு வைத்துத் தண்ணீரைச் சுழலவிட விரும்பினால் தாராளமாக வையுங்கள், செடி கூடுதல் வேகத்தில் வளரும். ஆனால் அது ஆசைக்கு, தேவைக்கு இல்லை.

படி 5: வெப்பம்

பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் நடக்கின்றன. 10 முதல் 20 டிகிரி வரை இந்தச் செடிக்குச் சொர்க்கம். 25-ஐத் தாண்டினால் தண்டு மெலியும், இலை சிறுக்கும், காரம் கசப்பாக மாறும். அதோடு பகல் நீளமாக நீளமாகப் பூப்பதற்கான தூண்டுதலும் கிடைக்கிறது. ஆக, நீண்ட பகலும் வெக்கையும் சேரும் காலம் இதற்கு எதிரி.

பழைய பண்ணைகள் எங்கே அமைந்தன என்று பார்த்தால் இது புரியும். இங்கிலாந்தில் 1808-ல் வில்லியம் பிராட்பெரி என்பவர் கென்ட் பகுதியின் ஸ்பிரிங்ஹெட் என்ற ஊரில் இதை முதன்முதலாக விற்பனைக்காகப் பாத்தி கட்டி வளர்த்தார். ஊரின் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து சுரக்கும் தண்ணீர் ஆண்டு முழுவதும் 10, 11 டிகிரியிலேயே இருக்கும். கோடையில் அது செடியைக் குளிர்விக்கிறது, பனிக்காலத்தில் உறையாமல் காக்கிறது. அந்த ஊற்று நம்மிடம் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம்: காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல், தட்டுத் தண்ணீரை உச்சிவெயிலுக்கு முன்பே மாற்றுவது, தொட்டியைச் சூடேறும் சுவரிலிருந்து தள்ளிவைப்பது.

ஆண்டின் பெரும்பகுதி வெப்பமாக இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் பருவப் பயிராகவே நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கும்போது நட்டு, வெயில் ஏறும்வரை அறுத்துவிட்டு, அதற்குமேல் நான்கைந்து தண்டுகளை மட்டும் வீட்டுக்குள் வெளிச்சமுள்ள ஜன்னலோரம் உயிர்ப்பிடித்து வைத்தால் அடுத்த பருவத்துக்கு விதை தேட வேண்டாம். வருடம் முழுவதும் வெளியே தாக்குப்பிடிக்கச் செய்யப் போராடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைப்பது கசப்பு இலைதான். குளிரான இடங்களில் இலை ஊதாவும் பழுப்புமாக நிறம் மாறினால் பயப்படாதீர்கள், அது குளிரின் அடையாளம், நோய் இல்லை.

படி 6: உரம்

கம்போஸ்ட் கலந்த மண் முதல் சில வாரங்களுக்குப் போதும். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு திரவ உரத்தைப் பாதி அளவில் கரைத்து மண்ணில் ஊற்றுங்கள், இலையில் படவேண்டாம். பச்சைச் சாணமோ புதிய எருவோ இதற்குக் கூடவே கூடாது. காரணம் மேலே சொன்னதுதான். செடி முழுக்க வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவே மஞ்சளித்தால் இரும்புச்சத்து குறைவு. தண்ணீரின் காரத்தன்மை மிகும்போது அப்படி ஆகும், கீலேட் செய்த, அதாவது அப்படிப்பட்ட தண்ணீரிலும் செடி உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள, இரும்புச்சத்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 7: அறுப்பது

செடி 15 சென்டிமீட்டர் தாண்டியதும் நுனியை அறுக்கத் தொடங்கலாம். தண்டு ஊன்றியதென்றால் ஒரு மாதத்துக்குள், விதை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இந்த நிலைக்கு வரும். கத்தரிக்கோலால் வெட்டுங்கள், கையால் இழுத்தால் மேலோட்டமான வேர் முழுதாகக் கிளம்பி வந்துவிடும். அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுக்கிளை வரும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி அறுக்கலாம். அறுக்க மனமில்லாமல் வளரவிடுவது அன்பு ஆகாது. வெட்ட வெட்டத்தான் அடர்த்தியாகும், விட்டால் நீண்டு சாய்ந்து பூத்துவிடும்.

ஒரு வருடம் போனால் அடித்தண்டு நாராகிவிடும், தொட்டி முழுக்க வேர்ப்பாய். அப்போது நல்ல நுனிகளை வெட்டி வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப்போட்டுப் புது மண்ணில் மறுபடி தொடங்குங்கள்.

தூக்கிப்போடுவது எங்கே என்பது முக்கியம். குப்பைக்குழியில், நன்றாகக் காயவைத்த பிறகு. வாய்க்காலிலோ ஓடையிலோ போட்டால் ஒரு துண்டுத் தண்டே ஒரு புதுக் கூட்டமாகிவிடும். தாயகத்துக்கு வெளியே, நியூசிலாந்து ஓடைகள் உட்படப் பல இடங்களில், இது நீரோட்டத்தை அடைக்கும் களையாகக் கருதப்படுகிறது.

பூச்சிகள்

முட்டைக்கோசைத் தின்னும் எல்லாப் பூச்சியும் இதையும் தின்னும். அசுவினி, இலையில் ஊசித்துளை போடும் குட்டி வண்டு, வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு, வைரமுதுகு அந்துப்பூச்சி. பச்சையாகத் தின்னும் கீரைக்கு மருந்தடிப்பது அர்த்தமில்லாத வேலை. மெல்லிய வலை போட்டு மூடினால் முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்தது. அசுவினி வந்துவிட்டால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் முழுதாக அமுக்குங்கள். நீர்ச்செடி என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, பூச்சிகளில் பெரும்பாலானவை கழன்று மேலே மிதக்கும்.

தண்ணீரையே ஆயுதமாக்கும் இந்த யோசனை பெரிய அளவிலும் நடக்கிறது. ஹவாயின் ஓஆஹு தீவில் 1928-லிருந்து இயங்கும் சுமிதா பண்ணை ஊற்றுநீரில் வாட்டர்கிரெஸ் வளர்க்கிறது. வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த அங்கே மேலிருந்து தெளிப்பான் வைத்து நீர் தூவுகிறார்கள். பூச்சி நிம்மதியாக உட்கார்ந்து முட்டையிட முடிவதில்லை. வீட்டில் இதன் சிறு வடிவம், மாலையில் பூவாளியால் ஒரு தூவல்.

வேர்கள் வீங்கி, கோணலாக வளைந்து, தொட்டால் ஒடிகிறதா? அது வேர்க்கோணல் நோய், தண்ணீர் வழியாகப் பரவும். வீட்டளவில் வைத்தியம் தேடாதீர்கள். செடியையும் மண்ணையும் அகற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, விதையிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீர்த் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு

இதே காரத்தைத் தரும் உறவுச் செடிகள் சாதாரண மண்ணில் வளர்கின்றன. அவற்றில் ஒன்றை நிலக்கிரெஸ் எனலாம், தாவரவியல் பெயர் பார்பரியா வெர்னா. தட்டையாக வட்டமாகப் பரவும், குளிரை நன்றாகத் தாங்கும், விதைத்து இரண்டு மாதத்தில் இலை பறிக்கலாம். சுவை வாட்டர்கிரெஸ்ஸுக்கு மிக அருகில், ஒரு சுற்றுக் காரம் கூட.

மற்றொன்றை நீங்கள் விதைக்கவே தேவையில்லை. நர்சரித் தொட்டிகளில் களையாக வரும் ரோமக் கசப்புக்கிரெஸ், கார்டமைன் ஹிர்சுட்டா. குளிர் ஈர மண்ணில் குட்டியாக, வெள்ளைப் பூவோடு நிற்கும். இதன் காய் முற்றியதும் தொட்டால் வெடிக்கும். ஓடு சுருண்டு விதைகளை நொடிக்குப் பத்து மீட்டருக்கும் கூடிய வேகத்தில் எறிகிறது. அதனால்தான் ஒன்றைப் பிடுங்கப்போய்ப் பத்தை விதைத்துவிடுகிறோம். காய் பிடிப்பதற்கு முன்பே பிடுங்கி சாலட்டில் போடுவதே சிறந்த களையெடுப்பு. நிலத்தில் வளர்வதால் புழுப் பயம் மிகக் குறைவு. களைக்கொல்லி தெளித்த இடமா, நாய் போகும் இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில்

இந்த இலையின் காரம் இலைக்குள் தயாராக இருப்பதில்லை, கடிக்கும்போது உண்டாகிறது. குளுக்கோநாஸ்டர்டின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் திசுவில் தனித்தனியே இருக்கின்றன. வெட்டினாலோ மென்றாலோ இரண்டும் சந்தித்து, ஃபெனெதில் ஐசோதயோசயனேட் என்ற கார எண்ணெய் பிறக்கிறது. கொதிநீர் அந்த நொதியை முடக்கிவிடும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் சமையல் நம் கையில். காரம் வேண்டுமா, பச்சையாக. அல்லது பொடியாக நறுக்கிச் சில நிமிடம் வைத்துவிட்டுக் கடைசியில் சேருங்கள். சாதுவான கீரைச்சுவை வேண்டுமா, முழு இலையாகக் கொதிக்கும் நீரில் போடுங்கள்.

பச்சையாகச் சாப்பிடும்போது இதன் காரத்துக்குத் துணையாக இனிப்போ கொழுப்போ தேவை. ஆரஞ்சுச் சுளை, வேகவைத்த பீட்ரூட், முட்டை, பாலாடைக்கட்டி, வால்நட் எல்லாம் பொருந்தும். எண்ணெயும் எலுமிச்சையும் பரிமாறுவதற்குச் சற்று முன்தான் சேர வேண்டும், இந்த இலை ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். தடித்த தண்டுகளை எறியாதீர்கள், காரம் அதில் நன்றாகவே இருக்கும். பொடியாக நறுக்கி மென்மையான வெண்ணெயில் பிசைந்து ரொட்டியில் தடவலாம்.

சூப் செய்வது இப்படி. நான்கு பேருக்கு ஒரு வெங்காயம், 300 கிராம் உருளைக்கிழங்கு, 750 மில்லி தண்ணீர், 150 முதல் 200 கிராம் கீரை. வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, நறுக்கிய உருளைக்கிழங்கும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கிழங்கு குழையும்வரை வேகவிடுங்கள். பிறகு கீரையைப் போட்டு ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. அடுப்பை அணைத்து உடனே அரையுங்கள். மூடிபோட்டுச் சூட்டிலேயே வைத்திருந்தாலோ, பானையிலேயே எலுமிச்சை பிழிந்தாலோ பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசிநிறமாகிவிடும். அமிலம் பச்சையத்திலிருந்து மக்னீசியத்தைப் பறித்துவிடுவதால் வரும் மாற்றம் அது. எலுமிச்சை கிண்ணத்தில் மட்டும். இந்த ஒரு நிமிடக் கணக்கு வீட்டுத் தொட்டிக் கீரைக்குத்தான். ஓடையில் பறித்ததானால் நிறத்தை மறந்துவிட்டு நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

இன்னொரு வழி, சூடான வாணலியில் எண்ணெயும் பூண்டும் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி எடுப்பது. நூறு கிராம் ஒரு பிடியாகச் சுருங்கும், ஆகவே தாராளமாக அளந்துகொள்ளுங்கள்.

சத்தும் எச்சரிக்கையும்

நூறு கிராமில் 11 கலோரி, 43 மில்லிகிராம் வைட்டமின் சி, 120 மில்லிகிராம் கால்சியம், 250 மைக்ரோகிராம் வைட்டமின் கே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இதழில் 2014-ல் வந்த ஒரு தரவரிசையில் 41 காய்கனிகளில் வாட்டர்கிரெஸ் நூற்றுக்கு நூறு வாங்கி முதலிடம் பிடித்தது. அதை வைத்து இதை அமுதம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் கலோரிக்கு எவ்வளவு சத்து என்ற கணக்கு. கலோரியே 11 என்றால் வகுத்து வரும் எண் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு வேளைக்கு நாம் சாப்பிடுவது முப்பது நாற்பது கிராம். நல்ல கீரை, அவ்வளவுதான்.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். மருத்துவரிடம் கேட்டு, தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்வது வழி.

பாதுகாப்பது

அறுத்த வாட்டர்கிரெஸ் வேகமாக மஞ்சளித்துவிடும். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையரில் 1865-ல் திறந்த ரயில் பாதை, ஆல்ரெஸ்ஃபோர்ட் ஊற்றுப்பாத்திகளின் கீரையை வாடாமல் லண்டன் சந்தைக்குக் கொண்டுசேர்த்தே பெயர் வாங்கியது. இன்றும் அதற்கு வாட்டர்கிரெஸ் லைன் என்றுதான் பெயர். தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை, சமைக்கும்போது அறுத்தால் போதும். மிஞ்சினால் தண்டு நனையும்படி டம்ளரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கும் மேல் என்றால் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, பிழிந்து, அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். சாலட்டுக்கு ஆகாது. சூப்பில் இரண்டு கட்டி போட்டால் நிறமும் மணமும் வந்துவிடும்.